எட்டாம் நம்பர் கால்

மலை கேம்ப், யூகான், கனடா
ஜூன் 9, 2024

என் ஹெலன் அக்காவுக்கு கிதியோன் எழுதறது,

நான் இங்க நல்லா இருக்கேன். நீயும் அம்மாவும் எப்படி இருக்கீங்க? அம்மா பிரஷர் மாத்திரையை முழுங்குதா, இல்ல தலையணைக்கு அடியில வச்சிட்டு முழுங்கிட்டேன்னு உன்னை ஏமாத்துதா?

லெட்டரைப் பாத்து பயந்துடாத. இந்த கேம்ப்புல டவரே கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவை சின்ன பிளேன் ஒண்ணு ஏரியில வந்து எறங்கும். மேகம் மூடிட்டா அதுவும் வராது. அரிசி, எண்ணெய் எறக்கிட்டு எங்க லெட்டரை எடுத்துக்கினு போகும். டவுன் ஆபீஸ்ல இருக்கிற பொண்ணு அதை போட்டோ புடிச்சி உன் வாட்ஸப்புக்கு அனுப்பும். நீ எழுதி அனுப்பினா பிரிண்ட் போட்டு பிளேன்ல குடுத்துடும். ஸ்கூல்ல லீவ் லெட்டர் எழுதினதுக்கு அப்புறம் இப்பதான் பேனா புடிக்கிறேன். கையெழுத்தைப் பாத்து சிரிக்காத.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இங்க சமைக்கிற நம்ம ஊரு காஷிஃப் பாய்க்கு எடுபிடியாத்தானே வந்தேன்? ஆகஸ்ட்ல இருந்து வேட்டை சீசன். இங்க மலை உச்சியில வெள்ளை வெளேர்னு காட்டு ஆடு இருக்குது. கெடாவுக்கு கொம்பு சுருண்டு காதைச் சுத்தி வரும். அதைச் சுடறதுக்கு லைசென்ஸ் எடுத்துக்கினு எங்கெங்கிருந்தோ வர்றாங்க. கூட ஒரு கைடு, மூட்டை தூக்க ஒரு ஆளு. இந்த வருஷம் மூட்டைக்காரன் ஒருத்தன் வரல. முதலாளி என்னைக் கேட்டாரு, நான் சரின்னுட்டேன். பாத்திரம் கழுவி கழுவி கை ஊறிப் போச்சு அக்கா.

மலைக்கு வேண்டிய சாமானை அவங்கவங்களே பாத்துக்கணும். பை, கூடாரம், மழைக்கோட்டு எல்லாம் இங்கயே கேம்ப்புல பொறுக்கிக்கலாம். ஷூதான் பேஜாரா இருக்குது. டவுன் கடையில ஒண்ணு போட்டுப் பாத்தேன். உள்ள காலு தனியா, ஷூ தனியா நடக்குது. உங்க ஷூ கம்பெனி சாம்பிள் ரூம்ல நான் போட்டு நடந்து, 'இங்க கடிக்குது, அங்க இடிக்குது'ன்னு சொன்னாத்தானே ஒரு ஷூ பாஸாகும்? அப்பேர்ப்பட்டவன் அந்த டப்பாவுல காலை விடறதா? நீ இன்னா சொல்ற?

அம்மாவுக்கு என் முத்தம்.
உன் தம்பி
கிதியோன்


துத்திப்பட்டு, ஆம்பூர்
ஜூன் 20

தம்பி கிதியோனுக்கு, கர்த்தர் உன்னை அங்கயும் கண்ணுல வச்சிக் காப்பாத்தட்டும்.

நாங்க சுகம். அம்மாவை வேலூர் கூட்டிக்கினு போய் செக்கப் பண்ணிட்டு வந்தேன். பிரஷர் கம்மியா இருக்குதாம். பஸ்ஸுல வரும்போது பக்கத்து சீட்டு பொம்பளைகிட்ட 'என் புள்ள கனடாவுல இருக்குது'ன்னு ஆரம்பிச்சது, பள்ளிகொண்டா தாண்டியும் நிறுத்தல.

ஏன்டா, உனக்கு இன்னா பைத்தியமா? ஆடு புடிக்க பிளேன் ஏறிப் போற ஜனங்க இருக்குதுன்னு இப்பதான் கேள்விப்படறேன். ஆலங்காயம் பக்கம் போனா கயித்தோட கையில குடுத்துட்டுப் போவான்! அதைத் துரத்திக்கினு மலை ஏறுவாங்களாம், இவன் பின்னாடியே மூட்டை தூக்குவானாம். அம்மாவுக்குப் படிச்சிக் காட்டினேன். 'அங்க புலி இருக்குதா கேளு'ன்னு சொல்லுச்சு. இருந்தாலும் இல்லன்னு எழுது.

போகாதன்னு சொன்னா நீ கேக்கப்போறதில்ல. அதனால ஷூவைப் பத்தி சொல்றேன். அந்த டப்பாவை வாங்காத. நம்ம சாம்பிள் ரூம்ல இப்ப வெளிநாட்டு பார்ட்டி ஒண்ணுக்கு மலை ஷூ செஞ்சிக்கினு இருக்கோம். இது வரைக்கும் ஆபீஸ் ஷூதானே செஞ்சோம், மலை ஷூ நமக்கு இதுதான் முதல் தடவை. உனக்கு ஒரு ஜோடி போடலாமான்னு பேட்டர்ன் போடற பாரதி மேடத்தைக் கேட்டேன். 'கிதியோனுக்கா? அவன் காலு இன்னும் ரேக்குலதான் இருக்குது'ன்னு எடுத்துக் காட்டினாங்க. ஷூ தைக்க உன் அளவுல செஞ்சி, உன் பேரு எழுதி வச்ச பிளாஸ்டிக் காலுடா! தூசி கூட இல்ல. உன்னை வேலையை விட்டு நிறுத்தினாங்களே ஒழிய உன் காலை இன்னும் வேலைக்கு வச்சிருக்காங்க.

மேல் பாகம் எல்லாம் நானே தைக்கிறேன். வேற யாரையும் தொட விட மாட்டேன்.

அம்மா உனக்கு காட்டன் பனியன் அனுப்பச் சொல்லுது. எத்தனை வேணும்?

உன்னையே நினைச்சிக்கினு இருக்கிற அக்கா
ஹெலன்


கேம்ப்
ஜூலை 3

அன்பு அக்காவுக்கு,

சௌக்கியமா? நான் சௌக்கியம். அம்மாகிட்ட சொல்லு, இங்க புலி கிடையாது. கரடி இருக்குதுன்னு சொல்லிடாத.

காட்டன் பனியன் ஒண்ணு கூட அனுப்ப வேணாம். இங்க காட்டனைக் கண்டாலே கத்தறாங்க. வேர்வையில நனைஞ்சா காயாது, குளிர் புடிச்சி ஆளையே கொன்னுடுமாம். எல்லாமே கம்பளிதான். எங்க கைடு ஒரு பொம்பளை. பேரு மார்த்தா, நம்ம சபையில இருக்கிற பேருதான், ஆனா நம்ம சபையில எந்த மார்த்தாவும் துப்பாக்கி தூக்கல. நான் எடுத்து வச்ச சாமானை எல்லாம் தரையில கொட்டி பாதியைத் திருப்பி அனுப்பிடுச்சு. தூங்கற பை வாத்து முடியில நல்லா லேசா ஒண்ணு பொறுக்கி வச்சிருந்தேன். 'நனைஞ்சா இது சாக்கு, பாலியஸ்டர் பஞ்சு பை எடு'ன்னு சொல்லுச்சு. முதுகுல மாட்ட அலுமினியச் சட்டம் வச்ச பை குடுத்துச்சு. சோப்பு டப்பாவைக் கூட விடல. டூத் பிரஷ் கைப்பிடியை பாதியா ஒடைச்சிக் குடுத்துச்சு, வெயிட்டாம்!

ஷூ ஊர்ல இருந்து வருதுன்னு சொன்னதும் மூஞ்சி மாறிடுச்சு. ஒரு நம்பர் பெருசா இருக்கணுமாம். மூட்டையோட எறங்கும்போது விரல் முன்னாடி போய் இடிக்குமாம், காலும் வீங்குமாம், கனமான சாக்ஸ் ரெண்டு போடணுமாம். இறுக்கமா இருந்தா ரத்தம் ஓடாம விரல் செத்துடுமாம். முன்ன ஒருத்தன் மலையில விரலை விட்டுட்டு வந்தான்னு பயமுறுத்துது. நான் சிரிச்சிட்டேன். என் காலு எட்டாம் நம்பர், எனக்கு ஒம்பது போடறதுன்னா செருப்புக் கடைக்காரன் கூட ஒத்துக்க மாட்டான்னு சொன்னேன். அதுக்கு ஒண்ணும் புரியல.

நீ எப்பவும் தைக்கிற மாதிரியே தை.

கிதியோன்


துத்திப்பட்டு
ஜூலை 15

தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்குது? ராத்திரியில சூரியன் மறையவே மறையாதுன்னு காஷிஃப் வீட்டுக்காரங்க சொன்னாங்க, தூக்கம் வருதாடா? இங்க வெயில் இன்னும் அடங்கல. அம்மாவுக்கு முட்டி வலி, அது எப்பவும் உள்ளதுதான்.

ஷூ முடிஞ்சது! பேர்ணாம்பட்டு பையன் ஒருத்தன் டொரண்டோ போறான், அவன்கிட்ட குடுத்திருக்கேன், அங்கிருந்து பார்சல் போட்டுடுவான். தண்ணி எறங்காத தோலு, உள்ள மெத்து வச்ச லைனிங். லேசுக்கு அடியில வர்ற நாக்குப் பக்கம் மட்டும் மூணு தடவை பிரிச்சித் தச்சேன். அங்க கொஞ்சம் மடிப்பு வந்தாலும் நீ மூஞ்சைத் தூக்கி வச்சிக்குவியே. பாரதி மேடம் உன் பிளாஸ்டிக் காலு மேல ஏத்திப் பாத்துட்டு, 'ஒரு நூல் கூட ஜாஸ்தி இல்ல, கம்மியும் இல்ல'ன்னாங்க. அந்த மார்த்தா சொன்னதையும் சொன்னேன். 'கிதியோனுக்கா லூஸ் ஷூ?'ன்னு ரூமே சிரிச்சிச்சு. நானும்தான் சிரிச்சேன்.

ஒரு முக்கியமான விஷயம். மானேஜர் மக்பூல் அகமது சார் என்னைக் கூப்பிட்டாரு. 'உன் தம்பி நிஜமான மலையில போடப் போறானாமே, அவன் வாயால எப்படி இருக்குதுன்னு எழுதச் சொல்லு, பார்ட்டிக்கு அனுப்பலாம்'னாரு. கிதியோன் ஒரு ஜோடியை ஓகே பண்ணான்னா அது ஓகேதான்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா! சாம்பிள் ரூம் சூப்பர்வைசர் சீட்டு காலியா இருக்குது. ஆர்டர் வந்தா அது எனக்குத்தான்னு பாரதி மேடம் காதுல சொன்னாங்க. இத்தனை வருஷம் மெஷின்ல குனிஞ்சி குனிஞ்சி என் கழுத்து இன்னா ஆச்சுன்னு உனக்கே தெரியும்.

பாத்துப் போ. பாத்து எறங்கு.
அக்கா


கேம்ப்
ஆகஸ்ட் 19

என் அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். அம்மா முட்டி வலிக்கு இங்க ஒரு தைலம் கிடைக்குது, வரும்போது எடுத்துக்கினு வர்றேன்.

முதல் வேட்டை முடிச்சிட்டு எறங்கிட்டோம். அக்கா, நீ பாத்திருக்கணும்! நம்ம ஏலகிரி மாதிரி பத்து மலையை ஒண்ணு மேல ஒண்ணு வச்ச மாதிரி இருக்குது. மரமே இல்ல. கல்லு, பாசி, அதுக்கு மேல மறுபடியும் கல்லு. வந்தவர் ஒரு பல் டாக்டர், வயசானவர், பாவம், மூச்சு வாங்கிக்கினே வந்தாரு. மார்த்தா பெரிய தூரக்கண்ணாடியை ஸ்டாண்டுல வச்சிக்கினு காலையில உக்காந்தா மத்தியானம் வரைக்கும் எழுந்துக்கல. ஆட்டைக் கண்டதும் சுட்டுட முடியாது. கொம்பு முழுசா ஒரு சுத்து வந்திருக்கணும், இல்லன்னா வளையத்தை எண்ணி வயசு பாக்கணும். ரெண்டு கெடாவை எண்ணிட்டு, 'சின்னப் பசங்க, விடு'ன்னு சொல்லிடுச்சு. டாக்டர் அழுதுடுவார் போல இருந்தாரு.

கடைசியில ஒண்ணு கிடைச்சது. சுட்டதும் டாக்டர் தொப்பியைக் கழட்டிட்டு அது பக்கத்துல உக்காந்துட்டாரு. அப்புறம்தான் என் வேலை. கறியை மலையில விட்டுட்டு வர்றது இங்க குத்தம். எல்லாத்தையும் கட்டி, மேல கொம்பையும் வச்சி முதுகுல ஏத்துனாங்க. ரெண்டு நாள் எறக்கம். காஷிஃப் பாய் அந்தக் கறியில சால்னா வச்சாரு, கேம்ப்பே நக்கித் தின்னுச்சு.

ஷூ அளவெடுத்த மாதிரி இருக்குது. எங்கயும் கடிக்கல, எங்கயும் இடிக்கல. தையல் பிரமாதம். சார்கிட்ட இதை அப்படியே காட்டு.

உன் தம்பி
கிதியோன்


துத்திப்பட்டு
ஆகஸ்ட் 31

என் தங்கத் தம்பிக்கு,

நல்லா இருடா, நூறு வருஷம் நல்லா இரு. அம்மாவுக்கு உன் லெட்டரை நாலு தடவை படிச்சிட்டேன். அந்த டாக்டர் தொப்பி கழட்டின எடம் வந்ததும் அம்மா கண்ணைத் துடைச்சிக்கிச்சு. ஆட்டுக்காக அழுதுச்சா டாக்டருக்காக அழுதுச்சான்னு தெரியல.

மக்பூல் சார் லெட்டரை வாங்கி சத்தமா படிச்சாரு. ரூம்ல எல்லாரும் கை தட்டினாங்க. இங்கிலீஷ்ல எழுதி பார்ட்டிக்கு மெயில் போட்டாங்க. போன வெள்ளிக்கிழமை ஆர்டர் ஓகே ஆயிடுச்சு. நானு சூப்பர்வைசர்! ஐடி கார்டு மாத்திக் குடுத்துட்டாங்க. அம்மா அதைக் கழுத்துல மாட்டிக்கினு சர்ச்சுக்குப் போகணும்னு நின்னுச்சு, புடுங்கி வச்சேன்.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சிக்காத. நீ எங்க ரூம்ல இருந்த வரைக்கும் முதல் ஜோடியை ஒரு தடவை கூட பாஸ் பண்ணதில்ல. சுண்டு விரல், குதிகால், எங்கயாவது ஒண்ணு சொல்லித்தான் திருப்பி அனுப்புவ. பாரதி மேடத்தையே எத்தனை தடவை அழ வச்சிருக்க. இதுல மட்டும் எங்கயுமே ஒண்ணும் இல்லையா? நிஜமாத்தான் சொல்றியா?

சந்தோஷத்துல கேக்கறேன். எழுது.
அக்கா


கேம்ப்
செப்டம்பர் 12

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். சூப்பர்வைசர் அம்மாவுக்கு வணக்கம்! உன் லெட்டரை பங்க் பெட்டுக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன்.

ஷூ நல்லாத்தான் இருக்குது, எத்தனை தடவை சொல்றது? நீ தச்சதுல குத்தம் சொல்ல இன்னா இருக்குது? பனி விழ ஆரம்பிச்சிடுச்சு, சாக்ஸ் ஒண்ணு ஜாஸ்தி போட்டுக்கறேன். நடுவுல ஒரு வேட்டை போயிட்டு வந்தேன், கெடா கிடைக்கல. இந்த மாசக் கடைசியில இன்னும் ஒண்ணு, அதோட சீசன் முடிஞ்சிடும்.

அம்மா பொண்ணு பாக்கற பேச்சை எடுத்துச்சுன்னா வர்ற வரைக்கும் பொறுன்னு சொல்லு. பிளேன் சத்தம் கேக்குது, முடிக்கிறேன்.

கிதியோன்


துத்திப்பட்டு
செப்டம்பர் 21

கிதியோன்,

நலமா கேக்க மாட்டேன். நீ நலமா இல்லன்னு தெரியும்.

சாக்ஸ் ஒண்ணு ஜாஸ்தி போட்டுக்கறியா? எங்கடா போடுவ? அந்த ஷூவுக்குள்ள ஒரு நூல் எடம் இல்லன்னு நானே எழுதினேனே, நானே தச்சேனே! மெல்லிசு சாக்ஸ் ஒண்ணு போட்டா சரியா இருக்குற ஷூவுல கம்பளி ரெண்டைத் திணிச்சிக்கினு பனியில நடக்கறியா? கேன்டீன்ல உக்காந்து படிச்சேன், சாப்பாட்டை அப்படியே வச்சிட்டு எழுந்துட்டேன்.

ரேக்குல இருந்து உன் பிளாஸ்டிக் காலை எடுத்து அதுக்கு ரெண்டு சாக்ஸ் மாட்டி அதே அளவுல இங்க இருக்கிற சாம்பிள் ஷூவுல தள்ளிப் பாத்தேன். போகல. பாரதி மேடமும் தள்ளிப் பாத்தாங்க, போகல. அந்தப் பொம்பளை மார்த்தா சொன்னதுதான் சரி. நாங்க ஆபீஸ்ல போய் உக்காரறவன் காலுக்குத் தச்சிட்டு மலைக்கு அனுப்பியிருக்கோம். இத்தனை பேர் இருக்கிற ரூம்ல ஒருத்தருக்குக் கூட இது தோணல. சிரிச்சோமேடா!

எனக்கு சீட்டு வேணும்னுதானே மறைச்ச? நீ வாயைத் தொறந்து 'கடிக்குது'ன்னு சொல்றதுக்குத்தான் உனக்கு சம்பளமே குடுத்தாங்க. அக்காகிட்ட மட்டும் சொல்ல வாய் வரலையா?

இதைப் படிச்ச நிமிஷம் கழட்டிப் போடு. நெருப்புல போடு, எனக்கென்ன. அந்த டப்பா ஷூவை வாங்கிப் போட்டுக்கோ. கடைசி வேட்டைக்குப் போகாத. போனாத்தான் ஆச்சுன்னா மார்த்தாகிட்ட காலைக் காட்டிட்டுப் போ. விரல் எந்த நிறத்துல இருக்குது? உணர்ச்சி இருக்குதா? ஒண்ணொண்ணா எழுது.

ஜெபம் பண்றேன். கோவத்துலயும் பண்றேன்.
ஹெலன்


கேம்ப்
அக்டோபர் 5

ஹெலன் அக்காவுக்கு காஷிஃப் சலாம் சொல்லி எழுதறது.

நீங்களும் அம்மாவும் நல்லா இருக்கணும்னு துவா செய்றேன். எனக்கு தமிழ் எழுத அவ்வளவா வராது, தப்பு இருந்தா மன்னிக்கணும்.

கிதியோன் உயிரோட இருக்கான். அதை முதல்ல சொல்லிடறேன். டவுன் ஆஸ்பத்திரியில இருக்கான். இடது காலு விரல் மூணு உறைஞ்சி கறுத்துப் போச்சு. எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க.

உங்க லெட்டர் வந்தப்ப அவன் மலையில இருந்தான். வானம் மூடி பிளேன் ரொம்ப நாளா வரல. அவன் கிளம்பிப் போன மறுநாள் வந்து எறங்குச்சு. கவர்ல உங்க பேரைப் பாத்து எடுத்து வச்சேன். பிரிச்சிப் படிக்கல அக்கா. படிச்சிருந்தா ரேடியோவுல மார்த்தாவைக் கூப்பிட்டிருப்பேன். அதை நினைச்சா எனக்கு சோறு எறங்கல.

முதல் வேட்டை முடிஞ்சி வந்தப்பவே ரெண்டு பெருவிரல் நகமும் நீலமா இருந்துச்சு. நான் பாத்தேன். 'தோஸ்த், இது சரியில்ல'ன்னு பைலட்டுகிட்ட சொல்லி டவுன்ல இருந்து ஒம்பதாம் நம்பர் ஷூ வரவழைச்சிக் குடுத்தேன். வாங்கி கட்டிலுக்கு அடியில தள்ளிட்டான். 'இதைப் போட்டுக்கினு திரிஞ்சா கேம்ப்புல எடுக்கிற போட்டோவுல வரும் பாய், எங்க கம்பெனிக்குத் தெரிஞ்சிடும், அக்கா இப்பதான் மெஷினை விட்டு எழுந்துச்சு'ன்னான். மார்த்தா கேட்டப்ப 'ஃபைன் ஃபைன்'னே சொல்லிக்கினு இருந்தான்.

இந்தத் தடவை கெடா கிடைச்சது. திரும்பும்போது ஓடையில எறங்கினாங்க, ஷூ நனைஞ்சிடுச்சு. அன்னிக்கு பயங்கர குளிரு. காலையில ஷூ கல்லு மாதிரி ஆயிடுச்சாம். அப்படியே காலை விட்டு, முழு மூட்டையையும் எறக்கிக் கொண்டு வந்தான். கேம்ப்புல கழட்ட வரல. மார்த்தா கத்தியால தோலைக் கிழிச்சி எடுத்துச்சு. கிழிக்கிறப்ப, 'தையலைக் கிழிக்காத, தோலைக் கிழி'ன்னு கத்தினான் அக்கா. நாங்க எல்லாரும் வெளிய வந்துட்டோம்.

உங்க லெட்டரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கேன். அல்லா ஷிஃபா குடுத்து அவனை சுகமாக்கட்டும்.

காஷிஃப்


டவுன் ஆஸ்பத்திரி
அக்டோபர் 16

அக்காவுக்கு,

போன் பண்றியே, எடுக்கலைன்னு கோவம் வேணாம். உன் குரலைக் கேட்டா என்னால பேச முடியாது. அதனால எழுதறேன்.

நான் பொழைச்சிக்கினேன். மூணு விரல் எடுத்துட்டாங்க. பெருவிரலும் சுண்டு விரலும் இருக்குது. நர்ஸம்மா ரொம்ப நல்லவங்க. நடக்கலாம்னு சொல்றாங்க, முதல்ல கொஞ்சம் தள்ளாடுமாம். ராத்திரியில இல்லாத விரல்ல அரிக்குது. சொறியலாம்னு கையைக் கொண்டு போனா கட்டுதான் இருக்குது. இனிமே நான் எட்டாம் நம்பர் காலு கிடையாது. யாருக்கும் ஃபிட்டிங் பாக்க முடியாது.

அக்கா, உன் கால்ல விழுந்து கேக்கறேன். சார்கிட்ட சொல்லாத. மலையில விழுந்துட்டான், அடிபட்டுடுச்சுன்னு சொல்லு. ஆர்டர் ஓடட்டும். வாங்கறவன் கடையில போட்டுப் பாத்து பெருசா எடுத்துக்குவான், உனக்கென்ன? நீ இல்லாம இருந்தா நான் பத்தாவது கூட முடிச்சிருக்க மாட்டேன். அப்பா போனதுல இருந்து எங்க ரெண்டு பேரையும் நீதான் இழுத்துக்கினு வந்த. உனக்குன்னு ஒரு சீட்டு கிடைச்சதே ஒரே ஒரு தடவை. அது என் காலால போகக் கூடாது.

வலிச்சது அக்கா. முதல் நாளே வலிச்சது. சொல்லணும்னுதான் பேனாவை எடுத்தேன். எழுதும்போது வேற மாதிரி வந்துடுச்சு.

அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத.

கிதியோன்


துத்திப்பட்டு
அக்டோபர் 28

என் கண்ணே கிதியோன்,

சாப்பிடறியா? கட்டு மாத்தும்போது வலிக்குதா? கர்த்தர் உன்னை மலையில விட்டுடல, அதுக்கு தினமும் முழங்கால்ல நின்னு நன்றி சொல்றேன். மீதியைப் பத்தி அவர்கிட்டயும் சண்டை போட்டுக்கினுதான் இருக்கேன்.

நீ சொல்லாதன்னு எழுதின லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன். வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். காஷிஃப் லெட்டரை எடுத்துக்கினு போய் மக்பூல் சார் டேபிள்ல வச்சேன். படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டிட்டு மறுபடியும் படிச்சாரு. 'கட்டிங் ஆரம்பிச்சிட்டோமேம்மா'ன்னாரு. 'தெரியும் சார், நான்தான் ஆரம்பிச்சி வச்சேன்'னேன். அந்த ஆளைத் திட்ட முடியாதுடா, அன்னிக்கு மத்தியானமே லைனை நிறுத்திட்டாரு. பார்ட்டிகிட்ட நடந்ததை மறைக்காம எழுதினாரு. அவங்க ஆர்டரை வேற எங்கயோ குடுத்துட்டாங்க. ஓவர்டைம் போச்சுன்னு லைன்ல பாதிப் பேர் என்கிட்ட பேசறதில்ல. பாரதி மேடம் மட்டும் டீ குடிக்கக் கூப்பிடறாங்க.

சீட்டு போச்சு. நான் பழைய மெஷினுக்கே வந்துட்டேன். இதுக்காக நீ ஒரு சொட்டு கண்ணீர் விட்டன்னு தெரிஞ்சா பிளேன் ஏறி வந்து உதைப்பேன். உன் மூணு விரலை வச்சி எனக்கு ஒரு நாற்காலியா? அதுல நான் எப்படிடா உக்காருவேன்? நீ கடிக்குதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா சிரிச்சிக்கினே அந்த கார்டைக் கழட்டிக் குடுத்திருப்பேனே. என்னைப் பத்தி உனக்கு அவ்வளவுதான் தெரியுமா?

அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். இந்த வீட்டுல இனிமே யாரும் யாருக்கும் நல்லதுக்குன்னு மறைக்கக் கூடாது. அம்மா, 'எந்த விரலு?'ன்னு கேட்டுச்சு. சொன்னேன். நீ பொறந்தப்ப அந்த விரலுங்க எப்படி இருந்துச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சது, என்னால அங்க உக்கார முடியல, அடுப்புல ஒண்ணும் இல்லாமலே சமையல்கட்டுக்குப் போயிட்டேன்.

டிக்கெட் போட்டதும் தேதி எழுது. சென்னை ஏர்போர்ட்டுக்கு நான் வர்றேன், தனியா வர்றேன். அங்க வந்து ஷூவும் சாக்ஸும் மாட்டி மறைச்சிக்கினு, ஒண்ணும் ஆகாதவன் மாதிரி நடந்து காட்டாத. செருப்பு போட்டுக்கினு வா. கட்டு இருந்தா கட்டோட வா. உன் காலை நான் பாக்கணும். அங்கயே உக்காந்து அழணும். அதுக்கப்புறம் வீட்டுக்குப் போலாம்.

உன் அக்கா
ஹெலன்